வாசல் வரைக்கும் தண்ணீர்

ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிற இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். தொழிலாளர் மலர் ஒன்று போடுகிறார்களாம். "அய்யா, அந்தக் காலத்துல கையாலயே புள்ளி வச்சுப் படம் அடிச்சீங்களாமே, அதப்பத்தி எழுதித் தாங்க" என்றார்கள். ஒருவர் கையோடு கொண்டுவந்த புதுக் காலண்டரில் லென்ஸை வைத்துக் காட்டினார். இப்போதும் புள்ளிதான். மிஷின் வைக்கிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மிஷினுக்குக் கழுத்து வலிக்காது, கண் பொங்காது. நல்லதாகப் போயிற்று.

"நீங்க செஞ்சதுலயே நல்ல வேலை எதுங்கய்யா?" என்று இன்னொருவர் கேட்டார். இதற்கு நான் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று உண்டு. கழுகுமலை முருகன் படம் என்பேன். மயில் தோகைக்கு மட்டும் பதினோரு நாள் பிடித்தது என்பேன். மாதா கோயிலில் பூசை பார்க்கப் போகிற கிறிஸ்தவன் முருகனுக்குப் புள்ளி வைத்தான் என்றால் கேட்கிறவர்களுக்கும் ஒரு சந்தோஷம். அன்றைக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். ஆனால் அது பொய். நான் செய்த நல்ல வேலை ஒரு பழைய கிராமத்து வீடு. பக்கத்தில் தண்ணீர். அதைப் பற்றி எழுதவே கூடாது என்று இருந்தேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதித் தொலைக்கிறேன்.

தொழில் படித்த கதையை மூன்று வரியில் முடித்துவிடலாம். அப்பா இறந்த வருஷம் எட்டாம் வகுப்போடு நின்றேன். கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அடிக்கிற கல் அச்சுக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். நாலு வருஷம் கல் தேய்த்தேன், இரண்டு வருஷம் லேபிளுக்குக் கோடு இழுத்தேன், அப்புறம் புள்ளிக்கு உட்கார்ந்தவன் முப்பது வருஷம் எழுந்திருக்கவில்லை.

கல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த வழவழப்பான சுண்ணாம்புக் கல். இரண்டு ஆள் பிடித்தால்தான் நகரும். எண்ணெய்ப் பசை உள்ள மையால் அதன்மேல் வரைந்தால் வரைந்த இடம் மட்டும் அச்சு மையை வாங்கும், மற்ற இடம் தண்ணீரை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். படம் வேண்டாம் என்றால் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்து அழித்துவிடலாம். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒன்பது நிறத்தில் படம் என்றால் ஒன்பது கல்லிலும் அதே படத்தை, இடது வலது மாற்றி, மயிர் போல மெல்லிய நிப்பால் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். மூலப் படத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் வைப்போம். மஞ்சள் கல்லில் எங்கே புள்ளி, நீலக் கல்லில் எங்கே புள்ளி, இரண்டும் சேர்ந்து காகிதத்தில் எங்கே பச்சையாகும் என்பதெல்லாம் மண்டைக்குள் இருக்க வேண்டும். கல்லில் எல்லாமே கறுப்புதான்.

எங்களுக்கு மேல் இருந்தவர் காசிம் மேஸ்திரி. ஒல்லி. வெள்ளைச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டியிருப்பார். காலையில் வந்ததும் யாருடைய வேலையையும் பார்க்கமாட்டார், எங்கள் தலையைப் பார்ப்பார். எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தவனை அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தலையைத் தொட்ட விரல் கல்லைத் தொட்டால் அந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு மாத வேலை போய்விடும். அதனால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எண்ணெய் காண்போம். கடைத்தெருவில் எங்களுக்குப் 'பரட்டைக் கம்பெனி' என்று பெயர். நெற்றியில் துண்டு கட்டியிருக்க வேண்டும், வேர்வை சொட்டக் கூடாது. கல்லின் குறுக்கே ஒரு கைப்பலகை, அதன்மேல்தான் கை. முக்கியமான கட்டளை, கல்லுக்கு மேல் குனிந்தபடி வாயைத் திறக்கக் கூடாது. எச்சில் தெறித்தால் அந்த இடத்தில் மை ஒட்டாது. பேச வேண்டும் என்றால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேச வேண்டும். அவரும் அப்படித்தான். ஒருவனைத் திட்ட வேண்டும் என்றாலும் முதலில் ஜன்னலுக்குக் கூப்பிடுவார். "ஏலே, இங்கன வா" என்றாலே நிப்பைக் கீழே வைத்துவிடுவோம்.

பாராட்டு என்பது அவர் வாயில் கிடையாது. லென்ஸை வைத்துப் பார்ப்பார், பெருவிரலால் மீசையைத் தடவுவார், போய்விடுவார். போய்விட்டால் வேலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு ஆடி மாதம் மிக்கேல் அண்ணாச்சி வந்தார். எங்கள் ஊரில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவர். சொந்த ஊர் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். பெரிய உடம்பு, பெரிய சத்தம். கக்கத்தில் துணி சுற்றிய படம் ஒன்று இருந்தது. கடைக் காலண்டருக்குச் சாமி படம் வேண்டாம் என்றார்.

"மாதா படத்தப் போட்டா முனியாண்டி வாங்கிட்டுப் போயி ஆணியில மாட்டுவானா? முருகனப் போட்டா எங்க சாமியாரு என்னையக் கேப்பாரு. ராவுத்தமாருக்கு ரெண்டுமே ஆகாது. வீட்டப் போட்டுருவோம். வீடு எல்லா மதத்துக்கும் பொதுதான?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

துணியை விலக்கிக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டம் அளவுக்கு ஒரு நீர்வண்ணப் படம். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த டிராயிங் மாஸ்டர் ஒருவர் நல்ல மழை பெய்த வருஷம் உட்கார்ந்து வரைந்ததாம். அவர்களுடைய பூர்வீக வீடு. காரைச் சுவர், ஓட்டுக் கூரை, மேலே மரப்பலகை போட்ட மச்சு. முன்னால் கரிசல் காடு, நடுவே ஒரு வண்டித்தடம். வெகு தூரத்தில், கருவேல மரங்களுக்குப் பின்னால், கண்மாய்த் தண்ணீர் ஒரு வெள்ளை நூல் போலக் கிடந்தது. அவ்வளவுதான் தண்ணீர்.

ஒன்பது கல். படத்தை மெல்லிய தாளில் ஊசியால் கீறி எடுத்து, கீறலில் செங்காவிப் பொடியைத் தேய்த்து, ஒன்பது கல்லிலும் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடி போய் ஆவணியும் முடிகிற சமயத்தில் முதல் புரூப் எடுத்தோம். காசிம் மேஸ்திரி லென்ஸில் பார்த்தார், மீசையைத் தடவினார், போய்விட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கியது.

மிக்கேல் அண்ணாச்சி வந்து பார்த்தார். அவருக்கு முகம் மலரவில்லை.

"வீடு வீடாத்தான் இருக்கு. ஆனா காஞ்சு போயிக் கெடக்கேப்பா. காலண்டர்ல போயி யாராவது கரிசக்காட்டப் பாப்பானா? தண்ணியக் கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க."

"எவ்வளவு கிட்ட அண்ணாச்சி?"

"வாசல் வரைக்கும் கொண்டாங்களேன். படித்துறை ஒண்ணு போட்டு விட்டாப் போகுது."

காசிம் மேஸ்திரி என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டார். அவர் குரல் ஒருபோதும் ஏறாது. "படத்துல இல்லாதது கல்லுல வரக் கூடாதுலே. சாமிக்கு நாலு கையா எட்டுக் கையான்னா அது வேற. இது ஒருத்தன் குடியிருக்கிற வீடு. இந்தத் தண்ணிக்கு யாரு ஜவாப்பு?" என்றார். முதலாளியிடமும் போய் அதையே சொன்னார். முதலாளி, "கட்சிக்காரர் கேக்குதாரு, போட்டுக் குடுங்க மேஸ்திரி, சண்டை எதுக்கு" என்று முடித்துவிட்டார். அச்சகத்தில் வேலை கொடுக்கிறவரைக் கட்சிக்காரர் என்றுதான் சொல்வோம். மேஸ்திரி அந்த புரூப்பைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் 'தண்ணீர் கட்சிக்காரர் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

கல்லில் ஏறிவிட்ட புள்ளியை எடுப்பது வைப்பதைவிடப் பெரிய பாடு. சுரண்டுகத்தியால் ஒவ்வொரு கல்லிலும் வீட்டு முன்புறக் கரிசலைச் சுரண்டி எடுத்தேன். சுரண்டிய இடத்தை நுரைக்கல்லால் மெதுவாகத் தேய்த்து, படிகாரத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, மறுபடி மை பிடிக்கிற பக்குவத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் தண்ணீர் வைக்க ஆரம்பித்தேன்.

எனக்குத் தண்ணீர் வைக்கத் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நீலத்தை அடர்த்தியாக வைத்தேன், சாயத் தொட்டி மாதிரி வந்தது. இளநீலத்தை வைத்தேன், துணி காயப்போட்ட மாதிரி வந்தது. கோவில்பட்டிக்காரனுக்கு வாசலில் கிடக்கும் தண்ணீரை எங்கே போய்ப் பார்க்க? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தாமிரபரணிக்குப் போய்ப் படித்துறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். தண்ணீருக்கு என்று ஒரு நிறம் கிடையாது, அது எதிரில் நிற்கிறதையெல்லாம் கடன் வாங்கிக்கொள்கிறது என்று புரிந்தது. காரைச் சுவரின் மஞ்சளைத் தலைகீழாக இறக்கினேன். ஓட்டுச் சிவப்பைக் கொஞ்சம் கலைத்து இறக்கினேன். நடுநடுவே ஒன்பது கல்லிலும் ஒரு புள்ளிகூட வைக்காமல் வெறும் காகிதத்தை விட்டேன். அதுதான் வெயில். கிட்ட நின்று பார்த்தால் வெறும் தூசி. பத்தடி தள்ளி நின்றால் தண்ணீர் அசையும். சத்தியமாகச் சொல்கிறேன், அசையும்.

படித்துறையில் ஒரு பெண்ணையும் வைத்தேன். அதை யாரும் கேட்கவில்லை. தண்ணீர் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று காட்ட ஆள் ஒன்று வேண்டியிருந்தது, அதுதான் காரணம். இடது கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, வலது கையால் குடத்தைச் சாய்க்கிற பெண். நகத்தளவுதான் இருப்பாள், முகம் கூடக் கிடையாது. அந்த நிற்பு என் தங்கை லூர்துவுடையது. எங்கள் தெருக் குழாயடியில் தினமும் பார்த்தது. வேறு யாரைப் பார்த்து வைப்பேன்?

புரட்டாசிக் கடைசியில் புரூப் வந்தது. மிக்கேல் அண்ணாச்சி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "யப்பா, எங்க வீட்டுக்கே எனக்குப் போகணும்போல இருக்கே!" என்றார். காசிம் மேஸ்திரி வெகுநேரம் பார்த்தார். அன்றைக்கு மட்டும் மீசையைத் தடவவில்லை. "தண்ணி நல்லா வந்திருக்குலே" என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னை வாய்விட்டுப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

இனி லூர்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஐந்து வயது இளையவள். வாயாடி. கோவில்பட்டியில் அப்போது தண்ணீருக்குப் பட்ட பாடு இப்போதுள்ளவர்களுக்குத் தெரியாது. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து, சண்டை போட்டு, பிடித்துச் சுமந்து வந்து சேர்வதற்குள் அவளுடைய பாதி நாள் போய்விடும். அம்மாவுக்கு இரைப்பு, குடம் தூக்க முடியாது. பத்து வயதிலிருந்து அவள்தான். அதனால் கல்யாணப் பேச்சு எடுத்ததும் அவள் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை கறுப்போ சிவப்போ, படித்தவனோ படிக்காதவனோ, தண்ணீர் இருக்கிற ஊராக இருக்க வேண்டும்.

கரிசலில் இருந்து வந்த இரண்டு வரன்களை அதனாலேயே வேண்டாம் என்றாள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, உனக்கு மாப்ள வேணுமா, கெணறு வேணுமா?" என்றாள்.

"ரெண்டும் ஒரே ஊர்ல இருந்தா ஆகாதா?" என்றாள் லூர்து.

காலண்டர் அச்சாகி வந்ததும் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து மாட்டினேன். வேலைத் திமிர்தான், வேறென்ன. லூர்து அதன் முன்னால் நின்று, "இப்படி ஒரு வீடு நெசமாவே இருக்காண்ணே?" என்று கேட்டாள். "மிக்கேல் அண்ணாச்சி வீடுட்டி" என்றேன். வீடு நிஜம்தானே, அதனால் அப்படிச் சொன்னேன். அன்றைக்கு அதில் ஒரு குற்றமும் இல்லை.

அடுத்த ஆவணியில் மிக்கேல் அண்ணாச்சியே வீடு தேடி வந்தார். அவருடைய தம்பி மகன் சவரிமுத்துக்கு லூர்துவைக் கேட்டார். பையன் அந்தப் பூர்வீக வீட்டிலேயே இருந்து விவசாயம் பார்க்கிறான், குடி கிடையாது, நகை நட்டு என்று எதுவும் வேண்டாம், பெண்ணைத் தந்தால் போதும் என்றார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. லூர்துவுக்கு அப்போது வயது இருபத்துநாலு. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவர் போனதும் காலண்டரைப் பார்த்தாள். "இந்த வீட்டுக்கா?" என்றாள். அப்புறம், "சரி" என்றாள்.

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். 'ஏட்டி, அந்தத் தண்ணி நான் போட்டது' என்று. அவ்வளவுதான், அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், மூச்சு இரைப்பதைப் பார்த்தேன், இதுவும் போனால் அடுத்தது எப்போது வரும் என்று பார்த்தேன். இவ்வளவையும் பார்த்தவன் அவளைப் பார்க்கவில்லை.

பெண் வீட்டு ஆட்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வருகிற வழக்கம் உண்டு. கல்யாணப் பெண் போகக் கூடாது. ஐப்பசியில் சித்தப்பா கிளம்பினார், என்னையும் கூப்பிட்டார். எங்களுக்குக் காலண்டர் வேலை நெருக்குகிற மாதம். வேலை இருந்தது உண்மை. அதனால்தான் போகவில்லை என்பது பொய். போனால் கண்ணால் பார்த்துவிடுவேனே என்றுதான் போகவில்லை. சித்தப்பா போன வாரம் நல்ல மழை. திரும்பி வந்து, "நல்ல குடும்பம், கோழியடிச்சுச் சோறு போட்டாவ. கண்மாயில தண்ணி கெடக்கு" என்றார். எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லூர்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை, சுவரில்தான் தொங்குகிறதே.

காசிம் மேஸ்திரிக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. ஜன்னலுக்குக் கூப்பிட்டார்.

"மிக்கேல் வீட்டுக்கா குடுக்கீங்க?"

"ஆமா மேஸ்திரி."

"உன் தங்கச்சிகிட்ட சொல்லிட்டியால?"

"என்னத்த மேஸ்திரி?"

"என்னத்தயா? தண்ணிய."

"சொல்லிட்டேன் மேஸ்திரி" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லென்ஸ் இல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும். "சரி, போயி வேலையப் பாரு" என்றார்.

தை மாதம் எங்கள் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. மறுநாள் பெண்ணைக் கொண்டுபோய் விட நானும் சித்தப்பாவும் போனோம். எப்போதும்வென்றானில் பஸ்ஸை விட்டு இறங்கி மாட்டு வண்டி. வண்டி நின்ற இடத்தில் அந்த வீடு இருந்தது. காரைச் சுவரில் ஒவ்வொரு வெடிப்பும் எனக்குத் தெரிந்த வெடிப்பு, மச்சு ஜன்னலில் எத்தனை கம்பி என்று நான் பார்க்காமல் சொல்வேன். வாசல் வரைக்கும் பருத்தி நின்றது. கரிசல், பருத்தி, வண்டித்தடம். டிராயிங் மாஸ்டர் எதையும் கூட்டிக் குறைத்து வரையவில்லை.

லூர்து பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"தண்ணி எங்கண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கண்மாய் அங்கிட்டு இருக்கும்போல. மழை வந்தா இங்கன வரும்" என்றேன். கண்மாய் முக்கால் மைல் தள்ளி இருந்தது. நடுவில் எருமைகள் படுக்கிற அளவுக்குச் சேறு. குடிதண்ணீர்க் கிணறு அடுத்த ஊரில்.

உள்ளே போனோம். நடுக்கூடத்துச் சுவரில் மாஸ்டர் வரைந்த படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதை ஒட்டியே என் காலண்டர். எல்லோரும் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது லூர்து அந்த இரண்டுக்கும் முன்னால் நின்றாள். ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள், திரும்ப முதலாவதைப் பார்த்தாள். நான் வெற்றிலை எச்சில் துப்புகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன். திரும்பி உள்ளே போனபோது அவள் மாமியாருக்கு உதவியாகத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் தண்ணீரைப் பற்றிப் பேசியதே இல்லை. ஊருக்கு வருவாள், பிள்ளைகளைக் காட்டுவாள், சிரிப்பாள், வாயாடுவாள். மாப்பிள்ளை சவரிமுத்து தங்கமான மனிதர். மாடு இருந்த வரைக்கும் வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து போட்டார். மிக்கேல் அண்ணாச்சி வருஷா வருஷம் அதே படத்தை அடிக்கச் சொன்னார். ஒன்பது கல்லும் கம்பெனி அலமாரியிலேயே இருந்தன. வருஷா வருஷம் கார்த்திகையில் அவற்றை இறக்கி மிஷினில் ஏற்றுவார்கள். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

அறுபதுகளில் மழை பொய்த்த வருஷம் ஒன்று வந்தது. மாட்டை விற்றுவிட்டார்கள். அடுத்த ஊர்க் கிணறும் வற்றி, பெண்கள் ஓடை மணலில் ஆளுயரத்துக்கு ஊற்றுத் தோண்டி, உள்ளே இறங்கித் தேங்காய்ச் சிரட்டையால் கோரிக் குடத்தை நிறைத்தார்கள். ஒரு நாள் லூர்து இறங்கியிருந்தபோது பக்கத்து மணல் சரிந்தது. குடத்தோடு சேர்ந்து விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. மிளகாய் லாரியில் போட்டுக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உயிர் பிழைப்பாள், நடப்பாள், ஒரு கால் கட்டையாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

நான் கம்பெனிக்குப் போய் அலமாரியைத் திறக்கச் சொன்னேன். அந்த ஒன்பது கல்லையும் தேய்த்துவிட வேண்டும் என்று காசிம் மேஸ்திரியிடம் கேட்டேன். அவரும் கிழவராகிவிட்டார் அப்போது.

"மிக்கேல்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். பிறகு, "ஆனா கல்லு தேய்க்க எத்தனை குடம் தண்ணி வேணும்னு உனக்குத் தெரியும்லா? கம்பெனிக் கெணத்துல சகதிதான் இருக்கு. மழை பெய்யட்டும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

ஆஸ்பத்திரியிலிருந்து லூர்துவை என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். இரண்டு மாதம் கட்டிலில் அசையாமல் கிடக்க வேண்டும். கட்டிலைப் போட்ட பிறகுதான் பார்த்தேன், அவளுக்கு நேர் எதிரே அந்தக் காலண்டர். தேதித் தாள் எல்லாம் கிழித்து முடிந்தும் படத்துக்காக அம்மா மாட்டி வைத்திருந்தது. அம்மா இறந்துபோன பிறகும் அப்படியே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆணியிலிருந்து அதை எடுக்கப் போனேன்.

"எதுக்குண்ணே எடுக்குத? இருக்கட்டும்" என்றாள்.

"பழசாப் போச்சுட்டி."

"படம் நல்லாத்தான இருக்கு. தண்ணி எம்புட்டு நல்லா இருக்கு, இன்னைக்கும் அசையுது பாரு."

காலண்டரை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "லூர்து, அந்தத் தண்ணி நான் போட்டது. கண்மாய் தூரத்துலதான் இருந்துச்சு. உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல" என்றேன். அழுதேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அவள் அழவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும். வந்த அன்னைக்கே தெரியும். ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துலதான தொங்குச்சு. இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பாத்தேன். எட்டு வருசம் ஆயிருக்கு உனக்கு."

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அவிய நல்ல மனுசன். பிள்ளைய நல்லா இருக்கு. நீ சொல்லியிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேனோ என்னமோ. அது போகட்டும்." தலையைத் திருப்பிக் காலண்டரைப் பார்த்தாள். "அந்தப் படித்துறையில ஒருத்தி குனிஞ்சு நிக்காளே, முழங்கால்ல கையூனிக்கிட்டு. தெனமும் குடத்தத் தூக்கிக்கிட்டு ஓடைக்கு நடக்கும்போது அவளத்தான் நெனச்சுக்கிடுவேன். குடுத்து வச்சவ. நாலு எட்டுதான் அவளுக்கு."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியப் போட்டது போட்ட. கேட்டாவ, போட்ட. அதுல என்னைய எதுக்குண்ணே போட்ட?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்க் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தேன். அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். பாதி குடித்துவிட்டு, மீதியைக் கீழே கொட்டிவிடாதே, குடத்திலேயே ஊற்று என்றாள்.